சொறி சிரங்கும் நம் இல்லங்களும்

கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் குடியிருந்த லைன் வீடுகள் பல இன்றும் உள்ளன. சிறிய அறை, அதில் பலர் ஒருங்கே படுத்துறங்குவர். இந்நெருக்கமே சொறிப்பூச்சிக்கு உகந்தது.

அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாத இப்பூச்சிக்கு எட்டுக் கால்கள், சிலந்திக்கு உறவு. பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து சுரங்கம் அமைத்து முட்டையிடுகிறது. (நம்மவர் தொழிலுக்கு இப்படியும் ஒரு போட்டி!) விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் நமைச்சல் இரவில் மிகும். இத்தாலிய வைத்தியர் பொனோமோ 1687-லேயே இதனை உருப்பெருக்கியால் கண்டு எழுதினார். அப்படியிருந்தும் 'உடற்சூடு', 'கெட்ட இரத்தம்' என்று நம்மவர் சிலர் இன்னும் பேசுவது வியப்பே.

முதன்முறை தொற்றியவருக்கு நமைச்சல் தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே சொறியாதவரிடத்தும் பூச்சி இருக்கக்கூடும். குழந்தைக்கு மட்டும் மருந்திட்டுத் தாயையும் பாட்டியையும் விட்டுவிட்டால் அது மீண்டும் வந்துவிடும். மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டார் அனைவரும் ஒரே இரவில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறையும் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே செய்க. துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக.

பெங்களூரில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் வெட்கத்தால் இதை மறைக்கின்றனர். உடனுறைவோருக்கும் அன்றே சொல்லிவிடுதல் நலம். மருந்திட்ட பின்பும் சில வாரங்கள் நமைச்சல் நீடிக்கலாம். அதற்கஞ்சிக் களிம்பை நாள்தோறும் பூசலாகாது.