நோம் பென் நகரின் கணக்கில் வராத தண்ணீர்

கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் 1993-ல் குடிநீர் வாரியம் 100 லிட்டர் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் விட்டால், கணக்கில் வந்தது 28 லிட்டர்தான். மீதி 72 லிட்டர் எங்கே போனது?

போரில் சிதைந்த நகரம் அது. குழாய்கள் துருப்பிடித்து ஒழுகின. கூடவே, சம்பளம் வயிற்றுக்குப் போதாத ஊழியர்கள் பணம் வாங்கிக்கொண்டு திருட்டு இணைப்பு கொடுத்தார்கள். செல்வாக்குள்ளவர்கள் பில் கட்டவில்லை, கேட்கவும் ஆளில்லை.

அந்த ஆண்டு தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் எக் சொன் சான் என்ற பொறியாளர். ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் மீட்டர் பொருத்த ஊழியர்கள் தயங்கியபோது இவரே போனார். அதிகாரி துப்பாக்கியை எடுத்து இவர் தலையில் வைத்தார். பின்வாங்கிய சான், ஆயுதக் காவலர்களோடு திரும்பி வந்து இணைப்பைத் துண்டித்தார். மேலே இருப்பவர் பயப்படவில்லை என்று கண்ட பிறகுதானே கீழே இருப்பவருக்குத் துணிவு வரும்!

திருட்டு இணைப்பு கொடுத்துப் பிடிபட்ட ஊழியர்கள் வேலையை இழந்தார்கள். நன்றாக உழைத்தவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, ஊக்கத்தொகையும் கிடைத்தது. 1996-ல் அரசு வாரியத்துக்குத் தன்னாட்சி கொடுத்ததால்தான் இது முடிந்தது. நேர்மையை மட்டும் கேட்டு, பிழைக்க வழி தராமல் விட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒழுகலைப் பிடிக்கும் வேலை இரவில் நடக்கும். நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நுழையும் நீரை அளக்கிறார்கள். அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு ஊரே உறங்கும். குழாயைத் திறப்பவர் அரிது. அப்போதும் மீட்டர் முள் வேகமாக ஓடினால் மண்ணுக்கடியில் எங்கோ உடைப்பு. உடனே ஒரு குழு கருவியைத் தரையில் வைத்து, கசியும் நீரின் இரைச்சலைக் காதால் கேட்டபடி தெருத் தெருவாக நடக்கும். கருவி எவ்வளவு நல்லதானாலும், அந்த நேரத்தில் தூக்கம் விட்டு எழுந்து வர ஒருவருக்கு மனம் வேண்டும்.

வெளிநாட்டு உதவியால் குழாய்களும் புதிதாயின, அதை மறைக்கக்கூடாது. ஆனால் என்னை வியக்க வைப்பது ஓர் எளிய கணக்கு. 1993-ல் சுமார் 27,000 இணைப்புகள். ஆயிரம் இணைப்புக்கு 22 ஊழியர்கள். 2006-ல் சுமார் 1,47,000 இணைப்புகள். ஆயிரத்துக்கு 4 பேர். பெருக்கிப் பாருங்கள்: இரண்டு முறையும் அறுநூறுக்குச் சற்றுக் குறைவுதான். ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஆட்கள் ஐந்து மடங்குக்கும் மேலான வீடுகளைக் கவனித்தார்கள்.

இழப்பு 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. நாளுக்குப் பத்து மணி நேரம் வந்த தண்ணீர் 24 மணி நேரமும் வந்தது. வசூல் பெருகியதால் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை தர முடிந்தது. மிக வறியவர்களுக்கு அது முழுவதுமாகவே தள்ளுபடியானது.