சூலும் அழலும்: முன்சூல்வலிப்பில் அழற்சியின் பங்கு

சிம்பாங் பூலாய் வட்டாரத்து இரப்பர்த் தோட்ட லயங்களில் வளர்ந்த நமக்கு, பிள்ளைத்தாய்ச்சியின் கால் வீங்கினால், "பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும்" என்று பெரியவர்கள் தேற்றியது நினைவிருக்கும். அதிற் பாதி உண்மை. பெரும்பாலான வீக்கம் தீங்கற்றதே. ஆயின், சூலுற்று 20 வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டி, சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல் முதலிய உறுப்புகள் பழுதுற்றாலோ, அது முன்சூல்வலிப்பு என்னும் நோயாகும். பேற்றுக்குப் பின்னரும் வலிப்பு வரக்கூடும் என்பதைத் தேற்றுவோர் அறிந்திருக்கவில்லை.

இந்நோயை மேலைநாட்டார் நெடுங்காலம் இரத்தத்தில் நஞ்சு கலந்த நிலையென்றே அழைத்தனர். அந்த நஞ்சு எதுவென்று எவரும் காட்டவில்லை, பெயரும் வழக்கொழிந்தது. அழற்சி என்னும் நம் சொல்லோ அழல், அதாவது நெருப்பு, என்பதன் வழிவந்தது. இங்கு அதுவே பொருந்தி வருகிறது.

கரு பதியும்போது நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் ஊடுருவி, அவற்றை அகன்ற குழாய்களாக மாற்ற வேண்டும். இம்மாற்றம் குறைபட்டால் குருதி சீராகப் பாயாது. நஞ்சுக்கொடி உயிர்வளிக்குத் தவித்து, தன் சிதைவுத் துணுக்குகளைத் தாயின் குருதியிற் கலக்கவிடும். தாயின் வெள்ளணுக்கள் அவற்றை எதிர்த்துக் கிளர்ந்தெழும். அக்கிளர்ச்சியில் குருதிக்குழாய்களின் உட்படலம் புண்படுகிறது. குழாய்கள் இறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி கசிவதால் புரதம் இறங்குகிறது. 1999இல் ஆக்சுபோர்டின் கிறிசு ரெட்மனும் உடனாய்வாளரும் வியத்தகு கருத்தொன்றை முன்வைத்தனர். நலமான சூலிலும் மெல்லிய அழற்சி உண்டு. அது எல்லை மீறியதே இந்நோய் என்றனர். தீ எல்லா வீட்டு அடுப்பிலும் எரிகிறது. கூரைக்குத் தாவும்போதுதான் கேடு.

எல்லாவற்றையும் அழற்சியின் மேலேயே ஏற்றுவது தகாது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற அனந்த் கருமாஞ்சியும் குழுவினரும் 2003இல், நஞ்சுக்கொடி மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம் குழாய்களைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிணித்துவிடுவதைக் காட்டினர். இரண்டும் ஒன்றையொன்று தூண்டுவன என்றே நாம் கொள்கிறோம்.

உடற்பருமனும் நீரிழிவும் உடையோரிடம் அழற்சி முன்பே கனன்றுகொண்டிருக்கும். அவர்கட்கு இடர் மிகுதி. மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையே மிக உயர்ந்திருப்பதால் இது நம் வீட்டுச் செய்தி. இடர் மிக்கோர்க்கு 11 முதல் 14 வாரத்திற்குள் தொடங்கி நாள்தோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்திற்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைந்ததென 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இச்சிற்றளவு அழற்சியை அணைக்கப் போதாது. குருதித் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுத்தே பயன்தருவதாகக் கருதுவர். மருத்துவர் சொல்லாமல் எவரும் இதனை உண்ணலாகாது.

அரசு சுகாதார நிலையத்தில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில், ஒவ்வொரு வருகையிலும் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் குறிக்கப்படுகின்றன. கடுந்தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், அடுத்த தவணை நாளுக்குக் காத்திராமல் அப்புத்தகத்துடன் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.