மேட்டுச் செம்மண்ணும் தாழ்வயல் உவரும்

வற்றாப்பளை என்றவுடன் கண்ணகை அம்மன் கோயிலும் வைகாசிப் பொங்கலும் நினைவுக்கு வருதல் இயல்பு. கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடமாதலால் பத்தாம்பளை என வழங்கி, அதுவே வற்றாப்பளை என மருவிற்று என்பது வழிவழியாக வரும் செய்தி. முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்து வரும் உப்புநீரில் விளக்கேற்றி வழிபடுவது அக்கோயிலின் தனிச்சிறப்பு. அம்மன் சந்நிதியில் விளக்கெரிக்கும் அந்நீர், நந்திக்கடல் வழியாக அயலிலுள்ள வயலில் ஏறிவிட்டால் நெற்பயிரைக் கருக்கிவிடும். அந்த வயல் மண்ணைப் பற்றியும், அதற்கு மேலே காட்டோரமாகக் கிடக்கும் செம்மண்ணைப் பற்றியும் மண்ணியல் என்ன சொல்கிறது என்பதே இப்பேச்சின் பொருள்.

வன்னியின் உட்பகுதியிலிருந்து நந்திக்கடலை நோக்கி ஒருவர் நடந்து வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் காடு அடர்ந்த மேட்டுநிலம். அங்கே பரல் கலந்த செங்கபில நிற மண். சற்றே இறங்கினால் மண்ணின் சிவப்பு மங்கிக் கபில நிறமாகும். இன்னும் இறங்கினால் குளத்தின் கீழுள்ள வயல்; அங்கே மண் சாம்பல் நிறங்கொண்டு, துருப்புள்ளிகளோடு, களிப்பாங்காக இருக்கும். களப்பை அண்மித்தால் கோடையில் வெண்பொரி பூக்கும் உவர்நிலம். அதற்கும் அப்பால் கடற்கரை மணல். சில மைல் நடைக்குள் இத்தனை மாற்றம்! இவற்றில் மேட்டுச் செம்மண்ணும் வயற்களியும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறையிலிருந்து பிறந்தவையே. ஆயினும் மேட்டில் நீர் வடிந்துபோக, காற்றுப்பட்ட இரும்பு சிவந்தது. பள்ளத்தில் நீர் தேங்கிக் காற்றின்றிப் போக, அதே இரும்பு நிறமிழந்தது.

மேடும் பள்ளமுமாக மாறிவரும் மண்களை ஒரு சங்கிலியின் கண்ணிகளாகக் காணவேண்டும் என்ற கருத்தை 1930களில் கிழக்கு ஆபிரிக்காவில் ஆய்வு செய்த ஜெப்ரி மில்ன் என்பவர் நிலைநாட்டினார். இலங்கையில் 1961ஆம் ஆண்டு எவ். ஆர். மூர்மன், சி. ஆர். பானபொக்கே என்ற இருவரும் நாட்டின் முக்கிய மண் வகைகளைப் புதிய முறையில் பாகுபடுத்தி வெளியிட்டபோது, உலர்வலயத்தின் செங்கபில மண்ணும் தாழ்நிலத்துச் சாம்பற் களிமண்ணும் இணைபிரியாத அயலவராக இடம்பெற்றன. நம் கமக்காரர் மேட்டுக்காணி, வயற்காணி என்று பிரித்துப் பேசுவது ஏறத்தாழ இந்தப் பாகுபாடுதான். ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணம் காட்டினர் என்று சொல்வதே நியாயம்.

மேட்டுச் செம்மண் மேனிக்கு வளமாகத் தோன்றும். அதன் குணமோ கடினமானது. காய்ந்தால் கல், நனைந்தால் பசை. உழவுக்கு உகந்த ஈரம் மிகச் சில நாட்களே நிற்கும். மழை முற்றாகப் பிடித்த பிறகு உழலாம் என்று காத்திருப்பவர் சேற்றில் சிக்குவார். காலபோகத்து மழை புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரையில் பெய்கிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மழைக்கு முந்திப் புழுதியில் விதைக்கும் பழக்கம் சோம்பலால் வந்ததன்று, மண்ணின் குணமறிந்து வந்தது. 1950களில் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உலர்வலய மேட்டுநிலப் பயிர்ச்செய்கையை ஆராய்ந்த ஏர்ணஸ்ட் அபேரத்னவும் அவர்தம் குழுவினரும் இந்தக் காலக்கணக்கையே தம் ஆய்வின் மையமாகக் கொண்டனர்.

சேனைப் பயிர்ச்செய்கை இம்மண்ணில் ஒரு காலத்தில் ஏன் நிலைத்தது என்பதற்கும் விடை உண்டு. காடு பல ஆண்டுகள் உதிர்த்த இலை, மண்ணின் மேற்பரப்பில் மெல்லியதோர் உணவுப்படையை அமைக்கிறது. வெட்டி எரித்தபின் ஓரிரு போகம் அந்த உணவு பயிருக்குப் போதும். வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போது சேதனப் பொருள் சிதையும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பர். குளிர்நாட்டு மண்ணில் பல தலைமுறை தங்கும் சொத்து நம் வெயிலில் சில ஆண்டுகளில் கரைந்துபோவது இதனாலேயே. காட்டுக்கு மீள வளர அவகாசம் இருந்தவரை சேனை தீங்கில்லை. அவகாசம் குறைந்தபோது மழைத்துளி வெறுமண்ணை அடித்து மேற்படையைக் கழுவிக் குளத்தில் சேர்த்தது; காணியும் கெட்டது, குளமும் தூர்ந்தது. சீமைக்கிளுவையை வரிசையாக நட்டு, அதன் தழையை வெட்டி மண்ணுக்குப் போர்வையாக இடும் முறையை மகாஇலுப்பள்ளமவில் பின்னர் ஆராய்ந்தது இந்தக் கழுவலைத் தடுக்கவே. வேலிக்கு நிற்கும் மரம் பசளையும் தருமென்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் வெட்டிச் சுமந்து பரப்ப ஆள் வேண்டும். அந்தக் கூலிக் கணக்கில்தான் பல நல்ல ஆலோசனைகள் தோற்றுப்போகின்றன.

பசளை பற்றிப் பேசும்போது 2021ஆம் ஆண்டை மறக்க முடியாது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ச்சியும் கமக்காரர் எதிர்ப்பும் சேர, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. சேதனப் பசளை நல்லது என்பதில் மண்ணியலாருக்குள் கருத்து வேற்றுமை இல்லை. கேள்வி அளவைப் பற்றியது. 100 கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவிலிருந்து அதே அளவைப் பெற 4,600 கிலோகிராம் வேண்டும். அதுவும் முதற்போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. பொசுபரசின் கதையும் இத்தகையதே. 1971இல் கண்டறியப்பட்ட எப்பாவல அப்பற்றைற்றுப் பாறையைப் பொடியாக்கி இட்டால் தேயிலைத் தோட்டத்து அமில மண்ணில் மெல்லக் கரையும். வன்னியின் செங்கபில மண்ணோ பெரும்பாலும் நடுநிலையானது. அங்கே அது கரைய மிகத் தயங்கும். நம் நாட்டில் கிடைப்பதெல்லாம் நம் நிலம் அனைத்துக்கும் பொருந்தும் என்று ஒரே ஆணையில் முடிவுசெய்ய மண் இடங்கொடுப்பதில்லை.

இனித் தாழ்வயலுக்கு வருவோம். பேராறு வந்து கலக்கும் நந்திக்கடல், கோடையில் வாய் மணலால் அடைபட்டு வெயிலில் சுண்டும்போது மிகுந்த உப்பாகும். மாரியில் ஆற்றுநீர் வந்து நிறைந்தால் உவர்ப்புத் தணியும். அதன் ஓரத்து வயலுக்கு உப்பு இருவழியாக வருகிறது. வரம்பும் தடுப்பணையும் சிதைந்த இடத்தால் களப்பு நீர் நேரே ஏறுவது ஒன்று. நிலத்தடியிலுள்ள உவர்நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் நுண்துளைகளால் மேலேறி, நீர் ஆவியாக, உப்பு மட்டும் மேலே எஞ்சுவது மற்றொன்று. பயிரின்றி வெறுமையாகக் கிடக்கும் வயலில் இவ்விரண்டாவது வேலை தங்குதடையின்றி நடக்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் போர் முடிவடைந்த காலத்தில் இப்பகுதி மக்கள் ஊரைவிட்டு முற்றாக இடம்பெயர்ந்திருந்தனர். மீண்டு வந்தவர்களுக்குத் தூர்ந்த வாய்க்காலும் பற்றை மூடிய வயலும் கிடைத்தன. எந்த வயலை முதலில் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டைத் தீர்மானிக்கும் கேள்வி.

இங்கே உப்பு நிலம், சோடியம் ஏறிய நிலம் என்ற வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும்; தவறினால் மருந்தே நஞ்சாகும். உப்பு மட்டும் மிகுந்த மண்ணில் மண்துகள்கள் கூடி நிற்கும், நீர் உள்ளிறங்கும். வரம்பைக் கட்டி மழைநீரை மறித்து வைத்து, கீழே வடிய வழியும் செய்தால், ஓரிரு மாரியில் உப்பின் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். ஆழிப்பேரலையின் பின் மணற்பாங்கான நிலங்கள் விரைவில் தேறியதும், களிப்பாங்கான பள்ளங்கள் தேறாது நின்றதும் இவ்வடிகால் வேற்றுமையாலேயே. சோடியம் ஏறிய களிமண்ணிலோ துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அதில் மழைநீரை மட்டும் விட்டால், எஞ்சிய உப்பும் நீங்கி, மண் மேலும் இறுகி, நீர் இறங்காத தகடாகிவிடும். அதற்குக் கல்சியம் வேண்டும். ஜிப்சத்தை இட்டுக் கலந்து நீர் விட்டால் கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, விடுபட்ட சோடியம் வடிநீரோடு போகும். யாழ்ப்பாணத்தில் மலிந்த சுண்ணாம்புக்கல்லை இதற்குப் பதிலாக இடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அமிலமற்ற மண்ணில் அது எளிதிற் கரையாதாகையால் பயன் மிகக் குறைவு.

இரண்டில் எது நம் வயல் என்று அறிய முதற்படியாக வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவுஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகுத்த முறையின் எளிய வடிவம் இது. கண்ணாடிக் குவளையில் தூய மழைநீரை எடுத்து, சுண்டுவிரல் நகமளவு உலர்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல அதில் இடுக, கலக்கலாகாது. கட்டி உடைந்து வீழ்ந்தும் நீர் தெளிவாகவே இருந்தால் அச்சம் குறைவு. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போன்ற மேகம் படருமானால் சோடியம் ஏறியுள்ளது என்று ஐயுறலாம். உப்பு மிகுந்திருக்கும்போது அம்மேகம் தோன்றாமலும் போகலாம். ஆதலால் உப்பின் அளவை ஆய்வுகூடத்தில் மின்கடத்துதிறனால் அளந்தறிய வேண்டும். பொதுவாக மீற்றருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேற்பட்டால் உவர்மண் என்பர். நெல்லோ 3ஐத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும். முளைக்கும்போது ஓரளவு உப்பைத் தாங்கும் நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்குவதில்லை. அம்பலாந்தோட்டையிலிருந்து வந்த ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்கள் இத்தகைய வயலுக்கு உதவும்.

சோதனைக்கு மண் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. கோடையில் வெண்பொரி பூத்த மேற்படையை மட்டும் சுரண்டி அனுப்பினால் உப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் எடுத்தால் குறைவாகத் தோன்றும். வயலின் பல இடங்களில் மேற்படை ஒரு பங்கும், முழ ஆழத்திலிருந்து இன்னொரு பங்குமாக எடுத்து, இரண்டையும் கலவாமல் வெவ்வேறு பைகளில் கட்டி, எடுத்த நாளையும் எழுதி அனுப்புக.