இணைக்கப்பட்ட திறந்த தரவுகளில் ‘ஒன்றே’ என்னும் உறவு: ஔவையார் பெயரை முன்வைத்து

முன்னுரை

நூலகப் பட்டியல், சுவடி அட்டவணை, புலவர் அகராதி எனத் தமிழாய்வுக்குரிய தரவுகள் பல இடங்களில் தனித்தனியே தொகுக்கப்பட்டுள்ளன. இத்தகைய தொகுதிகளை வலைவழி ஒன்றோடொன்று பிணைக்கும் முறையே இணைக்கப்பட்ட திறந்த தரவு எனப்படும். அப்பிணைப்பில் அடங்கியுள்ள ஆய்வு முடிபை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படை நெறிகள்

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் இதற்கு நான்கு நெறிகளை வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளக்குறி வேண்டும். அது வலையில் சென்று காணத்தக்க முகவரியாக இருத்தல் வேண்டும். அங்குச் செல்வோர்க்குப் பொதுத்தரத்தில் அமைந்த செய்தி கிடைத்தல் வேண்டும். அச்செய்தி பிற முகவரிகளுக்கும் வழிகாட்டுதல் வேண்டும். திறந்த உரிமத்தில் வெளியிடப்படும்போது அது திறந்த தரவாகிறது.

செய்திகள் ஆர்.டி.எஃப். முறையில் மூன்று உறுப்புகள் கொண்ட சிறு தொடர்களாகப் பதியப்படுகின்றன. ‘ஆத்திசூடி – ஆசிரியர் – ஔவையார்’ என்பது அத்தகையதொரு தொடர். 2007இல் தோன்றிய டிபிபீடியாவும் 2012இல் தொடங்கிய விக்கித்தரவும் தம் தரவுகளை இவ்வடிவில் வழங்குகின்றன.

ஒன்றெனக் கொள்ளுதல்

இருவேறு தொகுதிகளிலுள்ள குறிகள் ஒருவரையே சுட்டுகின்றன என அறிவிக்க, 2004இல் பரிந்துரைக்கப்பட்ட ஓ.டபிள்யூ.எல். மொழியில் ‘ஒன்றே’ எனப் பொருள்படும் உறவு உண்டு. அதன்படி ஒரு குறிக்குக் கூறியன யாவும் மற்றதற்கும் பொருந்தும். மேலும், அ என்பதும் ஆ என்பதும் ஒன்று, ஆ என்பதும் இ என்பதும் ஒன்று எனின், அ என்பதும் இ என்பதும் ஒன்றாகும்.

அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரும் ஆத்திசூடி இயற்றிய ஔவையாரும் வேறு காலத்தவர் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஒரு தொகுதி இவர்களை இரு குறிகளாலும் மற்றொரு தொகுதி ஒரே குறியாலும் சுட்டுவதாகக் கொள்வோம். பெயரொப்புமை கருதி அவ்விரு குறிகளையும் அவ்வொரு குறியோடு பிணைத்தால், முதல் தொகுதி காத்த வேறுபாடு அழியும். அதியமானைப் பாடியவரே ஆத்திசூடியையும் இயற்றினார் என்பது கணினியின் முடிபாகும். அத்தரவை எடுத்தாளும் பிற தொகுதிகளுக்கும் இப்பிழை பரவும்.

தீர்வு

‘ஒன்றே’ என்பதற்கு மறுதலையான ‘வேறு’ என்னும் உறவும் அம்மொழியில் உண்டு. இருவரும் வேறு என முன்னரே பதிந்திருந்தால், தவறான இணைப்பு முரணாக வெளிப்படும். ஒவ்வோர் இணைப்புக்கும் அதனை இட்டவர், அதற்குரிய சான்று ஆகியவற்றையும் பதிதல் நலம்.

முடிவுரை

கபிலர், நக்கீரர் முதலிய பெயர்களுக்கும் இச்சிக்கல் பொதுவாகும். பெயரொப்புமையைக் கணினி காட்டும். ஆள் ஒருவரா பலரா என்பதைப் பாடல், மொழிநடை, வரலாற்றுச் சான்று ஆகியவற்றைக் கொண்டே துணிதல் வேண்டும். ஆதலின் இணைப்பிடும் பணியில் தமிழறிஞர் பங்கேற்பது இன்றியமையாதது.