எழுபது வளைவு ஏறி வரும் பணம்

நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனது. லாரிப் பட்டறை, கோழிப்பண்ணை, வணிக வளாகம், கல்லூரி என்று காசு புழங்கும் ஊர். சொத்து வரி கேட்டால் கட்டுவதற்குக் கட்டடமும் உண்டு, ஆளும் உண்டு. அங்கிருந்து கிளம்பி, காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் கொல்லிமலை. மாவட்டம் அதேதான். ஆனால் மலைமேல் மாநகராட்சியும் கிடையாது, நகராட்சியும் கிடையாது, ஒரு பேரூராட்சிகூடக் கிடையாது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்று பழைய நாட்டுப் பெயர்களைச் சுமந்து நிற்கும் 14 ஊராட்சிகள். அவற்றுக்கு மேலே செம்மேட்டில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். உள்ளாட்சி என்றால் அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த ஒன்றியத்தில் ஏறத்தாழ 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். மிளகு, காபி, பலா, அன்னாசி, மரவள்ளி, சாமை, தினை என்று விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளாட்சி வரி விளைச்சலின் மேல் விழுவதில்லை. வீட்டின் மேல் விழுகிறது. இருக்கும் வீடுகளோ பெரும்பாலும் சின்னவை. அப்படியானால் தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் சாலையும் தொகுப்பு வீடும் எந்தப் பணத்தில் வருகின்றன?

முதலில் சொந்த வருமானம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம் ஆகியவற்றை ஊராட்சியே வசூலிக்கலாம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அது ஊராட்சிக்கு நிற்காது, நூலகத் துறைக்குப் போய்விடும். மலையில் இருப்பதிலேயே நம்பகமான வரவு தொழில் வரி. அரசுப் பள்ளி ஆசிரியர், சுகாதார ஊழியர், வங்கி ஊழியர் என்று மாதச் சம்பளம் வாங்குவோரிடம் பிடித்தம் செய்து ஆண்டுக்கு இருமுறை கிடைப்பது. இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-ல் அரசியல் சாசனத்தை 60-ஆம் முறையாகத் திருத்தி வைத்த தொகை இது. சம்பளம் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. இந்த எண் மட்டும் அசையவில்லை. உள்ளாட்சிகளின் கையைக் கட்டிப் போட்டிருக்கும் கயிறுகளில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

நகரங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: கடன். சென்னை மாநகராட்சி 2025-ல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அதற்கு முன்பே ஆலந்தூர் நகராட்சி ஒரு முன்மாதிரி காட்டியிருந்தது. 1990-களின் இறுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் திரட்டினார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே மக்கள் பணம் கட்டினார்கள். அதைக் காட்டிக் கடன் வாங்கி வேலையை முடித்தார்கள். அடர்த்தியாக வீடுகள் இருந்ததால் ஒரு தெருவுக்குக் குழாய் போட்டால் நூறு இணைப்பு கிடைத்தது. கொல்லிமலையில் அதே நீளக் குழாய் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குத்தான் போய்ச் சேரும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த வங்கியிடம் போய் நிற்பது?

ஆகவே மலை ஊராட்சிகள் மேலிருந்து வருவதை நம்பித்தான் இருக்கின்றன. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துப் பகிர்ந்து தருகிறது. நகரங்களின் பங்கு போக மிச்சம் கிராமப்புறத்துக்கு. அதுவும் மாவட்ட ஊராட்சி, ஒன்றியம், கிராம ஊராட்சி என மூன்றாகப் பிரிகிறது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டும் ஏறத்தாழ 12,500. சோளக்காட்டில் ஒரு விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணி கட்டும் ஜி.எஸ்.டி.யில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. மாநிலத்தின் பாதியிலிருந்து ரூபாய்க்குப் பத்துப் பைசா இந்தப் பொதுக் குளத்தில் விழுந்து, கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை பங்கு போன பிறகு, அந்த விடுதி இருக்கும் ஊராட்சிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி திரும்பி வரும்.

வந்த மானியமும் முழுதாகக் கையில் நிற்பதில்லை. ஊராட்சிகள் வைத்திருக்கும் வங்கிக் கணக்குகளில் ஒன்று மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே தனியாக ஒதுக்கியது. தெருவிளக்கு, மோட்டார் பம்பு இரண்டின் மின்கட்டணமும் அதில் கழிந்துவிடும். பொதுக் கணக்கில் மீதமிருப்பதில்தான் டேங்க் ஆபரேட்டர் சம்பளம், துப்புரவு, பழுதான பைப், எரிந்துபோன பல்பு எல்லாம்.

சரி, பங்கை எப்படிப் பிரிக்கிறார்கள்? எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஊராட்சிக்கு வருவது கூடும் அல்லது குறையும். 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு 15-ஆவது மத்திய நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. மாநிலங்களுக்கு இடையே அதைப் பிரிக்க மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் எடை. மாநிலத்துக்குள் பங்கிடும்போதும் தலை எண்ணிக்கைக்கே பெரிய இடம். சமவெளியில் ஒரே ஊரில் ஐயாயிரம் பேர் வசித்தாலும், மலையில் இருபது முப்பது குக்கிராமங்களில் ஐயாயிரம் பேர் சிதறிக் கிடந்தாலும் தலைக்கணக்கு ஒன்றுதான். செலவுக்கணக்கு அப்படி இல்லை. குக்கிராமத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, ஒரு பாதை, ஒரு வரிசை தெருவிளக்கு வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று கொடுத்தது. சின்ன ஊராட்சிக்கும் பெரிய ஊராட்சிக்கும் ஒரே தொகை. குக்கிராமங்கள் நிறைந்த ஊராட்சிகளில் அந்தப் பணம் பெரிய ஊர்களிலேயே தங்கிவிட்டது என்ற குறை எழுந்தது. 2011-ல் ஆட்சி மாறி, ‘தாய்’ என்ற புதிய திட்டம் வந்தபோது குக்கிராமங்களின் எண்ணிக்கையை அளவாக எடுத்துக்கொண்டு நிதி ஒதுக்கினார்கள். கட்சி அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், கொல்லிமலை போன்ற இடத்துக்கு இந்த இரண்டாவது அளவுகோல்தான் நியாயமானது. ஆனால் அது ஒரு திட்டத்தின் அளவுகோலாக இருந்து, திட்டத்தோடு போய்விட்டது. ஆண்டுதோறும் வரும் அடிப்படை மானியத்தில் ஏறி நிரந்தரமாக உட்காரவில்லை.

மத்திய நிதி ஆணைய மானியத்துக்கு இன்னொரு கட்டும் உண்டு. 15-ஆவது ஆணையத்தின் கிராமப்புற நிதியில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. மீதி 40 சதவீதத்தைத்தான் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிட முடிந்தது. அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதி. இடிந்த தடுப்புச்சுவர் அவசரம் என்றாலும் தண்ணீர்த் தலைப்புப் பணத்தைத் தொட முடியாது.

தண்ணீர்க் கணக்கில் மலைக்கு ஒரு சலுகை இருந்ததையும் சொல்ல வேண்டும். 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்குள் குழாய் போடும் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு என்பது பொது விதி. மலைப்பகுதிகளிலும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் அது 5 சதவீதம். கொல்லிமலை இரண்டு வகையிலும் பொருந்தும். மீதியை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாகப் போடும். குழாய் வந்த பிறகு அதைப் பராமரிக்கும் செலவு ஊராட்சியின் தலையில்.

சாலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து ஏறும் மலைச்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே போகும் கிளைச் சாலைகளில்தான் சிக்கல். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் வந்தபோது, சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை என்று வரையறுத்தது. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 250 பேர் போதும் என்றது. நல்ல தளர்வுதான். ஆனால் 250-க்கும் கீழே நிற்கும் குக்கிராமத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்கள் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைப் போய்க் கேட்க வேண்டும். அது தொகுதி முழுவதற்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அந்த 3 கோடியில் சமவெளிக்கும் பங்கு உண்டு. நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநில அரசு கடன் வாங்கிப் போடும் சாலை, பாலங்கள் இன்னொரு வழி.

பணம் கிடைத்தாலும் குறுக்கே காடு நிற்கும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சட்ட வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2). பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ‘காட்டு நிலம், ஒன்றும் செய்ய முடியாது’ என்று கோப்பு திரும்பி வரும் இடங்களில் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

வீடு கட்டும் பணத்திலும் எண்ணும் அளவுகோல் பிரச்சினை தொடர்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப்புறப் பிரிவு, வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்றும், மலை மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்றும் வைத்தது. அதாவது மலைக்கென்று கூடுதல் பத்தாயிரம்! தமிழ்நாடு அரசு தன் பங்குக்குக் கான்கிரீட் கூரைத் தொகையைச் சேர்த்து உயர்த்திக் கொடுத்தது. 2024-25-ல் மாநிலம் தானே தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அலகுத் தொகை 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீடு. குடிசை இல்லாத் தமிழ்நாடு என்பது இலக்கு. கொல்லிமலையில் இந்த 3.5 லட்சத்தை எதிர்கொள்வது சிமென்ட் விலை மட்டுமில்லை. எம்-சாண்டும் கம்பியும் ஜல்லியும் வளைவு ஏறி வர வேண்டும், பெரிய லாரி நிற்கும் இடத்திலிருந்து சிறிய வண்டிக்கு மாற வேண்டும், அதற்கு மேல் சுமைகூலி. அலகுத் தொகையை நிர்ணயிக்கும்போது போக்குவரத்துச் செலவைத் தனி வரியாகக் கூட்டித் தருவதில் பெரிய நிர்வாகச் சிரமம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலைத் துறை எஸ்டிமேட்டுகளில் பொருள் கொண்டுவரும் தூரத்துக்கென்று தனிக் கணக்கே போடுகிறார்கள்.

பழங்குடியினர் என்றால் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023-ல் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், மிகவும் பின்தங்கிய பழங்குடிக் குழுக்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு குழுக்கள். மலையாளிகள் அதில் இல்லை. நாட்டில் பத்து மாநிலங்களில் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் கொல்லிமலையில் செல்லாது. 1970-களில் வந்த ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக வரும் நிதி இருக்கிறது. ஆனால் அது துறைகள் வழியாக வருவது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போடும் பணம் இல்லை.

இவ்வளவு சிறிய கணக்கையும் ஆட்டிப் பார்த்தது தேர்தல் தாமதம். தமிழ்நாட்டில் 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், வழக்காலும் வார்டு வரையறையாலும் தள்ளிப்போய், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்று மத்திய அரசு மானியத்தை நிறுத்திவைத்தது. அப்போது வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். சென்னையில் நடக்கும் வழக்குக்கும் வார்டு வரையறைக்கும் குண்டூர் நாட்டுக் குழாயில் தண்ணீர் நிற்பது என்ன நியாயம்?

சொந்த வருமானத்தைப் பெருக்க மலைக்கு ஒரே பெரிய வாய்ப்பு சுற்றுலா. ஆகாய கங்கை அருவிக்கும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், ஆடிப் பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் கூட்டம் திரள்கிறது. அருவி வனத்துறை வசம், கோயில் அறநிலையத் துறை வசம். குப்பை மட்டும் ஊராட்சி வசம். கொடைக்கானல் நகராட்சி, ஊருக்குள் வரும் வண்டிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. பூடான் ஒரு நாடாகவே, பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளிடம் இரவுக்கு 100 டாலர் வாங்கிப் பொதுச் சேவைக்குச் செலவிடுகிறது. அவ்வளவு வேண்டாம். அருவி நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சட்டப்படி ஊராட்சிக்குத் தரலாம். புதிதாக முளைக்கும் விடுதிகளை அளந்து, வீட்டுக்கு உரிய வரியை விட்டு வணிகக் கட்டடத்துக்கு உரிய வரியைப் போடலாம். இரண்டாவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். அளக்கும் டேப்பும் மனத்துணிவும் போதும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை அங்கே வாசித்தாக வேண்டும். கொல்லிமலைக்காரராக இருந்தால் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊராட்சியின் சொந்த வரவு எவ்வளவு, அதில் விடுதிகள் கட்டியது எவ்வளவு, தண்ணீர்த் தலைப்பில் வந்த பணத்தில் செலவாகாமல் கிடப்பது எவ்வளவு. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.