எமுலேட்டரை மூடுங்கள், போனைச் செருகுங்கள்

ஆப் எழுதக் கற்கும் மாணவர்கள் வீட்டில் முதலில் கேட்பது புது லேப்டாப். 8 ஜி.பி. ரேமில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடவே ஓடாது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். ஓடும். கணினியைத் திணறடிப்பது பெரும்பாலும் அதோடு திறக்கிற எமுலேட்டர்தான். கணினிக்குள்ளேயே ஒரு முழு ஆண்ட்ராய்டு போனை ஓட்டிக் காட்டும் மென்பொருள் அது; ரேமில் பெரிய பங்கு கேட்கும். ஸ்டூடியோ மட்டும் என்றால் 8 ஜி.பி., எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜி.பி. என்று கூகுளே சொல்கிறது.

சட்டைப்பையில் இருக்கும் போனை எமுலேட்டருக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், ‘பில்டு நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். ஒளிந்திருக்கும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால், இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும், சம்மதம் கொடுங்கள். கேட்கவே இல்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

வசதிக் குறைவுக்கான மாற்று ஏற்பாடாக மட்டும் இதைச் சொல்லவில்லை. விலை குறைந்த போனில் பட்டியலை உருட்டும்போது எங்கே சிக்குகிறது, பேட்டரியைக் காக்கிறேன் என்று போன் எந்த வேலையைப் பாதியில் நிறுத்துகிறது, வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பதெல்லாம் எமுலேட்டரில் புலப்படாது. ஆப்பை வாங்கிப் பயன்படுத்தப்போகிறவர் கையில் இருப்பதும் அப்படிப்பட்ட போன்தான்.

டேப்லெட் திரையிலோ பழைய ஆண்ட்ராய்டு பதிப்பிலோ சோதிக்க எமுலேட்டர் தேவைப்படும். அப்போது பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் எமுலேட்டர் நகராது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஸ்டூடியோவில் ஆப்பைக் கட்டமைக்கும் கருவியான கிரேடில், ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்து எழுதுகிறது. வித்தியாசம் அன்றே தெரியும்.

ஐபோனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஐபோன் ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டவும் வேண்டும். ப்ளே ஸ்டோருக்கு ஒரே முறை 25 டாலர். ஆனால் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், ஆப்பை வெளியிடுமுன் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்த்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விதவிதமான போன் வைத்திருப்பவர்களை இப்போதே கேட்டு வையுங்கள்.