பந்திக்கு முந்தினால் இலை கிடைக்குமா?

பந்திக்கு முந்த வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இலைகள் குறைவாகவும் விருந்தினர் மிகுதியாகவும் உள்ளவிடத்து அவ்வாக்கின் பொருத்தம் நன்கு விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் பிறநாட்டுப் பட்டதாரிகளுக்கு வழங்கும் ‘எச்-1பி’ என்னும் தொழில் விசா அத்தகையதொரு பந்தியாகும். அங்குச் செல்ல விழையும் மாணவரும், அவர்தம் பொருட்டுக் காணியை ஈடுவைக்க எண்ணும் பெற்றோரும், அப்பந்தியின் முறையை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இவ்விசாவை வகுத்து, ஆண்டொன்றுக்கு 65,000 என எல்லையிட்டது. அதனுள்ளும் 6,800 இடங்கள் சிலி, சிங்கப்பூர் ஆகிய இரு நாட்டினருக்கென ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டமோ அதனினும் உயர்ந்ததோ பெற்றோருக்கென மேலும் 20,000 இடங்களை 2004இல் இயற்றப்பட்ட சட்டம் சேர்த்தது.

இவ்விசாவுக்கு மனுச் செய்பவர் தொழிலாளியல்லர். அவரை வேலைக்கமர்த்தும் நிறுவனமே. உரிய ஊதியம் அளிப்பதாகத் தொழில் திணைக்களத்திடம் உறுதி கூறி ஒப்புதல் பெறுவதும் அந்நிறுவனத்தின் கடமை. அந்நாட்டின் நிதியாண்டு ஒக்டோபர் முதலாந் தேதி பிறக்கிறது. வேலை தொடங்கும் நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே மனுவை ஏற்பர். ஆதலால் ஏப்பிரல் முதலாந் தேதியே வாயிற்கதவு திறக்கும் நாளாயிற்று.

2007ஆம் ஆண்டு ஏப்பிரலில், முதலிரு நாட்களிலேயே 120,000க்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. திருவுளச் சீட்டெடுப்பதன்றி வேறு வழியில்லாது போயிற்று. மறு ஆண்டு, முதல் ஐந்து வேலை நாட்களுள் வந்த மனுக்கள் யாவும் சீட்டெடுப்பில் சமமாகச் சேர்க்கப்படும் என விதித்தனர். முதல் நாள் விடியற்காலையில் வந்தவருக்கும் ஐந்தாம் நாள் மாலையில் வந்தவருக்கும் அதன்பின் வேறுபாடில்லை. பொருளாதாரம் நலிந்திருந்த 2009இலோ, இடங்கள் நிரம்ப டிசெம்பர் 21 வரை சென்றது. பந்தியின் நெருக்கடி காலத்துக்கேற்ப மாறுவதை இது காட்டுகிறது.

2020 முதல் மனுவுக்கு முன்னர் மார்ச்சு மாதத்தில் பெயர்ப் பதிவு நடைபெறுகிறது. 2023 மார்ச்சில் ஏற்கத்தக்க பதிவுகள் 758,994 ஆயின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒருவருக்கே பல நிறுவனங்கள் செய்த பதிவுகள். 2024இல், எத்தனை பதிவிருப்பினும் ஒருவருக்கு ஒரு சீட்டே என்று விதித்தபின், அத்தொகை 470,342 ஆகக் குறைந்தது. 2025 செப்தெம்பரில், நாட்டுக்கு வெளியேயுள்ளவருக்கான புதிய மனுக்களுக்கு 100,000 டொலர் செலுத்த வேண்டுமென்ற பிரகடனம் ஓராண்டுக் காலத்துக்கென வெளிவந்தது. உயர்ந்த ஊதிய நிலையினருக்குக் கூடுதல் வாய்ப்பளிக்கும் விதி அவ்வாண்டு டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுவன. அவ்வரசின் அறிவித்தல்களை நேரே படித்தறிவதே பாதுகாப்பு.

அங்ஙனமாயின் முந்துவதால் பயனில்லையா? உண்டு; ஆனால் முந்த வேண்டியது வாயிலில் அன்று, ஆயத்தத்தில். நம் பட்டம் அமெரிக்க இளமாணிப் பட்டத்துக்கு ஈடானதென முதலில் நிறுவ வேண்டும். இலங்கையின் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் தனித்து நின்று ஈடாகாமற் போகலாம். குறையும் ஓராண்டுக் கல்விக்கு மூன்றாண்டு தக்க தொழிலனுபவத்தை ஈடாகக் கொள்ளும் முறையுண்டு. அவ்வனுபவச் சான்றுகளைத் தேடித் திரட்டுதல் ஓரிரு வாரத்தில் முடியும் செயலன்று. மார்ச்சுக்கு முன் வேலை கைகூட வேண்டுமெனில், முன்னைய ஆண்டிலேயே நிறுவனத்தைத் தேடத் தொடங்க வேண்டும். பதிவிற் குறிக்கும் கடவுச்சீட்டே மனுவிலும் குறிக்கப்பட வேண்டுமாதலால், காலாவதியை நெருங்கியதை முன்னரே புதுப்பித்தல் வேண்டும்.

இன்னொரு வாயிலும் உண்டு. பல்கலைக்கழகங்களும், அவற்றைச் சார்ந்த இலாப நோக்கற்ற ஆராய்ச்சி நிலையங்களும் அமர்த்தும் ஊழியருக்கு இவ்வெல்லை பொருந்தாது. அம்மனுக்களை ஆண்டின் எக்காலத்திலும் செய்யலாம். ஆராய்ச்சியில் நாட்டமுள்ள மாணவர் இதனை மறத்தலாகாது.

“முன்வரிசையில் இடம் பிடித்துத் தருகிறோம்” என்று பணங் கேட்கும் தரகரைக் கண்டால் விலகுக. சீட்டெடுப்பில் முன்வரிசை என்பதே இல்லை. நிறுவனம் செலுத்த வேண்டிய பயிற்சிக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடுதலையும் அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது.

பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. படிப்புக்காகச் செலவிடும் பணம் சீட்டு விழாவிடினும் பிள்ளையிடம் அறிவாக நிற்கும். சீட்டை மட்டும் நம்பி ஈடுவைத்த காணி மீள்வது அரிது. ஆயத்தஞ் செய்வதில் முந்துவோம், கடன்படுவதில் பிந்துவோம்.